காட்டுவதற்கு ஒரு தேள்

தேள் கொல்வதில் என் கணவர் நமசிவாயத்தை மிஞ்ச வெள்ளவத்தையில் ஆள் இல்லை. அந்தக் கெட்டித்தனம்தான் அவரைப் பொலிஸில் பிடித்துக் கொடுத்தது.

சவூதிப் பாலைவனத்தில் குழாய் பதிக்கிற கம்பனி ஒன்றின் முகாமில் பதினொரு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். தொண்ணூற்றேழில் திரும்பி வந்தபோது எங்கள் ஊர் வீட்டில் இராணுவம் இருந்தது. ஆகவே கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் பழைய வீடொன்றை வாடகைக்கு எடுத்தோம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தேன், இவர் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் குளியலறையில் சுண்டுவிரல் அளவில் ஒரு மண்ணிறத் தேள் தலை காட்டியது. வேறு யாருமென்றால் செருப்பால் ஒரு போடு போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போயிருப்பார்கள். இவர் சதுரக்கோட்டுத் தாளை எடுத்தார்.

கட்டில்கள் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி வந்தன. கட்டில் கால்கள் மண்ணெண்ணெய் நிரப்பிய பால்மா ரின்களுக்குள் நின்றன. நான் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது என் செருப்பையும் வாங்கி இரண்டு தரம் தட்டித்தான் தருவார். ஒழுங்கையில் எல்லோரும் அடையாள அட்டையையும் பொலிஸ் பதிவுத் தாளையும் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்த காலம் அது. இவர் தலையணைக்குக் கீழே சவூதியிலிருந்து கொண்டுவந்த ஊதா ரோச் லைட் இருந்தது. அந்த வெளிச்சம் பட்டால் தேள் பச்சையாய் மினுங்கும். மாலையில் விளக்கை அணைத்துவிட்டு அதோடு வீட்டைச் சுற்றுவார். கண்ட இடத்தில் கொன்று, கக்கூசில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அது வந்த ஓட்டையைச் சீமெந்தால் அடைத்துவிடுவார். ஆறு மாதத்தில் பதினான்கு தேள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மனிசன் வெற்றி பெற்ற ஜெனரல் மாதிரி வீட்டுக்குள் நடந்து திரிந்தார், எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

ஒரு ஞாயிறு காலை பொலிஸ்காரர்கள் தேடுதலுக்கு வந்தார்கள். எங்கள் காகிதங்களில் ஒரு குறையும் இல்லை, எல்லாவற்றையும் நான் பைலில் போட்டு ஒழுங்காக வைத்திருந்தேன். சார்ஜன்ட் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, போகிற போக்கில் அலுமாரியைத் திறந்தார். கதவின் உட்புறத்தில் இவருடைய தாள் குத்தியிருந்தது.

ஸ்டோர்கீப்பரின் கை அல்லவா, வேலை சுத்தம். வீட்டின் படம், வளவின் படம். பெருக்கல் குறி மாதிரிச் சிவப்பில் பதினான்கு புள்ளடி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் திகதி, நேரம், ஆங்கிலத்தில் “ஒன்று முடிந்தது” என்று ஒரு குறிப்பு. பக்கத்து வீடு ஓர் அரசாங்கப் பெரியவருடையது, வாசலில் காவல் நிற்கும். அந்த மதிலையும் கீறி, அதிலிருந்த வெடிப்புக்கு அம்புக்குறி போட்டு, “இதனால் உள்ளே வரலாம்” என்றும் எழுதியிருந்தார்.

“மே மொக்கத?” என்று சார்ஜன்ட் இது என்னவென்று கேட்டார்.

“கோனுஸ்ஸோ, மாத்தயா,” என்றேன் நான். தேள்கள் என்பதைச் சிங்களத்தில் அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சார்ஜன்ட் புள்ளடிகளை எண்ணினார். சிங்களம் தெரியாத இவர், யாரோ தன் வேலையை மதித்துவிட்டார் என்று நினைத்து, அந்த ஊதா ரோச் லைட்டையும் எடுத்துக் கொடுத்தார். இரண்டையும் இவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள்.

நான் பின்னாலேயே பொலிஸுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் மரியாதையான மனிதர். என்னைக் கதிரையில் இருத்தி, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிங்களத்தில் சொன்னார்: “மிஸ், நான் நம்ப மாட்டேன் என்று சொல்லவில்லை. பதினான்கு தேள் இருந்த வீட்டில் ஒரு தேளைக் காட்டுங்கள். நாளை நாலு மணிக்கு வாகனம் வரும். அதற்குப் பிறகு இவர் என் பொறுப்பில் இல்லை.”

அந்த வாகனம் எங்கே போகும் என்று ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டு நாகமணி ரீச்சரின் தம்பி அதில் ஏறிப் பத்து மாதம். அவன் இருக்கிறானா என்று கேட்கக்கூட ரீச்சருக்கு ஓர் இடம் இல்லை.

வீட்டுக்கு வந்து தேடினேன். பூச்சாடிகளைப் புரட்டினேன், குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டையின் மூடியைக் கழற்றினேன், விறகைக் கலைத்தேன். எங்கே பார்த்தாலும் சீமெந்து, விரலால் தடவி மட்டப்படுத்திய அருமையான சீமெந்து. ஒரு ஓட்டையாவது அரைகுறையாக அடைத்திருக்கக் கூடாதா? நிலத்தில் குந்தியிருந்து அந்த மனிசனைத் திட்டித் திட்டி அழுதேன்.

கொட்டாஞ்சேனையில் இருக்கிற, என்னோடு படிப்பிக்கிற மேபலுக்குப் போன் எடுத்தேன். அவளுடைய கணவர் றேமண்டுக்குத் துறைமுகப்பக்கத்து மரக்கிடங்கில் வேலை.

“தேளோ?” என்றாள் மேபல். “உயிரோடயோ?”

“ஓம். உயிரோட.”

“றேமண்டிட்ட மரத்துக்கிடையில பாக்கச் சொல்லுறன்,” என்று போனை வைத்தாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டுப் பதினொரு மணிக்கு நான் அவள் வீட்டுக்குப் போனபோது ஹோர்லிக்ஸ் போத்தல் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு இருந்தாள். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டிருந்தது. உள்ளே கையளவு நீளத்தில், கன்னங்கரேலென்று ஒன்று கிடந்தது.

வழியில் மூன்று தடைமுகாம். இரண்டாவதில் ஒரு இராணுவப் பெண் என் கைப்பையைத் திறந்து போத்தலைத் தூக்கிப் பார்த்தாள். தேள் என்றேன். பொலிஸுக்குக் கொண்டுபோகிறேன் என்றேன். அவள் போத்தலைத் திரும்ப வைத்துவிட்டு, என் அடையாள அட்டையை மட்டும் முன்னும் பின்னும் புரட்டி ஐந்து நிமிடம் பார்த்தாள். தேளில் பிறந்த இடம் எழுதியிருக்கவில்லைதானே.

மூன்று மணிக்கு இவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரே இரவில் முகம் சுருங்கிப்போயிருந்தது. காலில் செருப்பு இல்லை. ஜன்னலைச் சாத்தி, போத்தலுக்கு ஊதா வெளிச்சம் அடித்தார்கள். தேள் பச்சையாய் எரிந்தது. நின்ற பொலிஸ்காரர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். இவர் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்:

“இஞ்சேரும், இது எங்கட வீட்டுச் சாதி இல்லை. எங்கடது சின்னன், மண்ணிறம்.”

பாலைவனமும் திருத்தாத மனிசனைப் பொலிஸ் கூடு திருத்துமா? இவர் என்ன சொல்கிறார் என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“இதுதான் என்கிறார்,” என்றேன். “மூடியைக் கவனமாகப் பிடிக்கட்டாம்.”

இன்ஸ்பெக்டர் சிரித்தார். கையெழுத்துப் போடச் சொன்னார். வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, “அந்தப் படம் பைலில்தான் இருக்கும், மிஸ். நான் மாற்றலாகிப் போவேன், பைல் போகாது. அதைத் திறக்கிற புது ஆள் மறுபடி வருவான். அப்போது காட்ட வீட்டில் ஒன்று இருக்கட்டும்,” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சீவியம் மாறியது. போத்தல் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. மாலையில் இவர் குசினி மூலையில் குந்தியிருந்து கரப்பொத்தான் பிடித்தார். பஞ்சை நனைத்து உள்ளே இறக்கினார். காலையில் எழும்பியதும் முதலில் அது அசைகிறதா என்று பார்ப்பார், பிறகுதான் முகம் கழுவுவார். நான் கேலி பண்ணினேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து எனக்கு ஒரு பிளேன்ரீ போட்டுத் தராத மனிசன் என்று மேபலுக்கும் சொன்னேன்.

ஐந்தாம் கிழமை அது செத்துக் கிடந்தது. இவர் குச்சியால் தொட்டார், போத்தலைச் சரித்தார், இன்னொரு கரப்பொத்தானைப் போட்டுப் பார்த்தார். பிறகு போத்தலை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். பொலிஸில் அழாதவர். கலியாணம் கட்டி இருபது வருடத்தில் இவர் அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கேலி வரவில்லை. பயம் வந்தது.

றேமண்டின் கிடங்கில் மரமெல்லாம் ஏற்றியாயிற்று, இனித் தேள் கிடைக்காது என்று மேபல் சொன்னாள். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீடெல்லாம் சீமெந்துத் தூசி. உளியும் சுத்தியலுமாக இவர் ஓட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார். குளியலறை முடிந்து, மதில் வெடிப்புக்கு வந்திருந்தார்.

நான் தும்புத்தடியை எடுத்துக் கூட்டினேன். கட்டில்களைச் சுவரோடு தள்ளி வைத்தோம்.

இப்போது ஒழுங்கையில் ஜீப் சத்தம் கேட்டால், நான் பைலை எடுக்க ஓடுவேன். இவர் ஓட்டைகளுக்குப் பக்கத்தில் போய் முழங்காலில் நிற்பார்.