ஏழு மாத உறுப்பினர்

தோமஸ் ஹெஸ்லப் மெல்பனில் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தது ஏழே மாதம். பேசியது ஒரே ஒரு தடவை. 1908இல், ஆசிய நாட்டுத் தலைச்சுமை வியாபாரிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கக் கூடாது என்ற சட்டமூலத்தை எதிர்த்துப் பேசி, தன் கட்சிக்கு எதிராகவே வாக்களித்தார். அடுத்த தேர்தலில் தோற்றார்.

என் கணவர் நிஸ்தார் அந்த மனிதரைப் பதினொரு வருடம் நூலகங்களில் தேடினார். மெல்பனுக்குப் படிக்க வந்த காலத்தில் வீடு வீடாகக் கதவு தட்டி மின்சார இணைப்பு விற்றவர் நிஸ்தார். நோபல் பார்க் என்ற புறநகரில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பூங்காவுக்கு ஹெஸ்லப்பின் பெயர்தான். அங்கே ஊர் வரலாற்றுச் சங்கம் வைக்கவிருந்த பலகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்துவிட்டு, பெப்ரவரியில் மௌத்தாகிவிட்டார்.

கணவரை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் நான் இருந்தேன். நான்கு மாதம் பத்து நாள் வெளியே போவதில்லை. வாசகத்தை முடிவு செய்யும் கூட்டத்தை அதுவரை தள்ளிவைக்கும்படி வரலாற்றுச் சங்கத்தைக் கேட்டேன். தலைவர் கிரேம் அன்பாகவே மறுத்தார். 'சிறிது காலம் உறுப்பினராக இருந்தார்' என்றால் போதுமாம். அந்தப் பேச்சைப் போட்டால் சிலருக்கு மனம் நோகுமாம்.

மகள் ருமைஸாவும் சலித்துக்கொண்டாள். "ஏழு மாசம் இருந்த ஆள் உம்மா. விடுங்களேன்."

"வாப்பாக்காக நான் இருக்கிறது நாலு மாசம் பத்து நாள். அதுவும் சும்மாவா மகள்?"

இருந்தாலும் அவள் கூட்டத்துக்குப் போனாள். வாப்பா வழக்கமாக உட்காரும் கதிரையில் போனை வைத்துச் சத்தத்தைக் கூட்டினாள். நான் வீட்டில், குசினி அடுப்படியில் நின்று, நிஸ்தார் கைப்பட எழுதி வைத்திருந்த ஹெஸ்லப்பின் பேச்சைப் போனில் வாசித்தேன்.

"அவர்கள் நம் கதவைத் தட்டுகிறார்கள். நாம் திறக்கிறோம். இதில் குற்றம் எது?"

நேரமாகிவிட்டது என்று கிரேம் இரண்டு தடவை சொன்னார். முடியும்வரை வாசித்தேன்.

வாக்கெடுத்தார்கள். ஆறுக்கு மூன்று.

"தோத்துட்டம் உம்மா," என்றாள் ருமைஸா. அவள் குரலில் கோபம் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

இத்தா முடிந்தால் முதலில் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போவார்கள். நான் ருமைஸாவுடன் டண்டினொங்கில் பெயர்ப்பலகை செய்யும் கடைக்குப் போனேன்.

இப்போது பூங்காவைப் பார்த்தபடி எங்கள் வேலியில் நிஸ்தாரின் வாசகம் முழுவதும் இருக்கிறது. போன வாரம் கிரேம் வந்து நின்று அதை வாசித்தார். பிறகு கதவைத் தட்டினார். திறந்தேன். அதைக் கழற்றிவிட முடியுமா என்று கேட்டார்.

ஏழு மாதம் கழித்து வந்து கேட்கச் சொன்னேன்.