மெல்லிய காற்றுக்குக் காத்திருந்தோம்

எங்கள் தொங்கு பாலம் புயலுக்கு அஞ்சியதே இல்லை. நவம்பரில் படகுத்துறையின் கூரைத் தகரம் பிய்த்துக்கொண்டு போகும். பாலம் அப்படியே நிற்கும். அதன் வியாதி வேறு. மே மாதத்து நல்ல வெயிலில், மலைகளுக்கு நடுவே உள்ளே நுழைந்த கடலான ஃபியோர்டின் தண்ணீர் லேசாகச் சுருங்கும் அளவுக்கு ஒரு காற்று சீராக வீசினால் போதும், நடுப்பகுதி மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கத் தொடங்கும். இக்கரையிலிருந்து பார்த்தால், எதிரே வரும் காரின் விளக்குகள் முங்கி முங்கி எழும். பள்ளிப் பேருந்தில் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். அத்தகைய நாட்களில் தடுப்புக் கட்டையை இறக்கிப் பாலத்தை மூடிவிட்டு, ஓய்வு கொடுத்திருந்த, கார்களை ஏற்றிச் செல்லும் பழைய படகை மறுபடி ஓட்டினார்கள்.

படகின் கேப்டன் ஷூர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். என் கணவர் ஹல்வர் அந்தப் பாலத்தின் காற்றுச் சோதனைகளைச் செய்த பொறியாளர். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால் ஷூர் அவரைச் சும்மா விடவில்லை.

“கடலே இல்லாம ஜனங்களுக்குக் கப்பல் மயக்கம் வர வச்சவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தான்டா.”

“சிரி, நல்லா சிரி. ரிட்டையர் ஆன உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தானே?”

ஹல்வர் சிரித்தாரே தவிர, அந்த வருடம் முழுவதும் சரியாகத் தூங்கவில்லை. பாலத்தின் தட்டையான வயிற்றைத் தழுவிப் போகும் காற்று, பின் ஓரத்து மூலையில் கிழிந்து சுழல்களாக உதிர்கிறது என்று எனக்குச் சொன்னார். ஒவ்வொரு சுழலும் ஒரு சின்னத் தள்ளு. அந்தத் தள்ளுகள் பாலத்தின் சொந்தத் தாளத்தோடு சேர்ந்துவிட்டால், ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுவதுபோல் ஆட்டம் பெருகும். புயலில் சுழல்கள் அவசரமாக உதிர்வதால் தாளம் தப்பிவிடுகிறது. அதனால்தான் புயலில் நிற்கும் பாலம் இளங்காற்றில் ஆடியது.

அவர் கண்ட மருந்து, அடி மூலைகள் நெடுக வளைந்த மெல்லிய இரும்புத் தகடுகள். மூலைக்கும் தகட்டுக்கும் நடுவே சிறிய இடைவெளி. காற்றைக் கிழியவிடாமல் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிப்போகும் என்பார். சோதனைக்கூடத்துக் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிப் பாலம் ஆடாமல் நின்றது. சாலைத் துறை அரை மனதோடு சம்மதித்தது: தகடுகளைப் பொருத்தலாம், ஆனால் வரும் கோடையில் பாலம் ஒருமுறை ஆடினாலும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் படகை நிரந்தரமாக்கிவிடுவோம்.

பாதித் தகடுகள் ஏறியிருந்தபோது, மார்ச் மாதத்தில் ஒரு காலை, வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த ஹல்வரின் இதயம் நின்றுவிட்டது. மீதித் தகடுகளை அவருடன் வேலை பார்த்த குன்வோர் பொருத்தி முடித்தாள்.

அடக்கத்தன்று சாலைத் துறை அதிகாரி என் கையைப் பிடித்துக்கொண்டு, “பாவம், கடைசி வரைக்கும் நம்பிக்கையோட இருந்தார்,” என்றார். தப்பான ஒன்றை நம்பி ஏமாந்த மனிதனைப் பற்றிப் பேசும் குரல் அது. அது என் காதை விட்டுப் போகவில்லை.

அன்றிலிருந்து நான் அந்தக் காற்றுக்காகக் காத்திருந்தேன். தினமும் எழுந்ததும் ஷூர் வீட்டுக் கம்பத்தின் நீளக் கொடியைப் பார்ப்பேன். ஏப்ரலில் அது புயலில் படபடத்தது, அல்லது துவண்டு தொங்கியது. மே மாதம், தேசிய நாள் கழிந்த வாரம் ஒரு காலை, பாதி உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றது. குன்வோர் தொலைபேசியில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“போர்கில், வந்துடுச்சு. அதே காத்துதான். சீக்கிரம் வாங்க.”

நான் பிளாஸ்கில் காபியும் ஹல்வரின் கோப்பையும் எடுத்துக்கொண்டேன். பாலத்தின் தொடக்கத்தில் ஊரே கூடியிருந்தது. யாரோ வாஃபிள்கூடச் சுட்டு எடுத்து வந்திருந்தார்கள். தடுப்பு இறங்கியிருந்தது. கீழே துறையில், ஷூரின் உதவியாளன் பொறுப்பில், படகு இன்ஜினை ஓடவிட்டுத் தயாராக நின்றது. என்னையும் ஷூரையும் குன்வோரையும் மட்டும் நடுப்பாலம் வரை விட்டார்கள். கைப்பிடிச் சுவரின் அடியில் கோப்பையை வைத்து விளிம்பு தட்ட ஊற்றினேன். ஹல்வர் எப்போதும் அப்படித்தான் ஊற்றுவார். வீட்டு விரிப்பு முழுக்கக் கறை.

“இவ்ளோ ஊத்தினா எப்படிக் குடிக்கிறது?” என்றார் ஷூர்.

“குடிக்கிறதுக்கு இல்ல. பாலம் அசைஞ்சா இது சொல்லிடும்.”

அவர் மண்டியிட்டு, கேப்டன் தொப்பியைக் கழற்றி, காற்று படாமல் கோப்பைக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்.

“நொடிக்கு ஏழு மீட்டர்,” என்றாள் குன்வோர், காற்றளக்கும் கருவியைப் பார்த்தபடி. “எட்டு. இதுதான் மோசமான வேகம்.”

காபியின் மேல் ஒரு வளையம் ஓடியது. நான் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டேன்.

“மன்னிச்சுக்கோ,” என்றார் ஷூர். “ஆடினது என் முட்டிதான். அதுக்கும் ஒரு தகடு போடணும்.”

வளையம் அடங்கியது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. காற்று ஒன்பதுக்கு ஏறியது, மறுபடி எட்டுக்கு இறங்கி அங்கேயே வெகுநேரம் நின்றது. போன வருடம் கார்களை முங்கவைத்த அதே காற்று. கறுப்புக் காபி விளிம்பில் கண்ணாடிபோல் கிடந்தது. குன்வோர் கருவியை வைத்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றி ஆகாயத்தில் எறிந்தாள்.

“அசையல! ஹல்வர், அசையவே இல்ல!”

ஷூர் படகிலிருந்த உதவியாளனைக் கூப்பிட வாக்கி டாக்கியை எடுத்தார். “டேய், இன்ஜினை நிறுத்து. இனி நமக்கு இங்க வேலை இல்ல. போறதுக்கு முன்னாடி ஹாரனை நல்லா அடி.” படகு ஊதியது. இரண்டு கரை மலைகளும் திருப்பி ஊதின.

அந்த அதிகாரி என்னிடம் வந்தார். “ஹல்வர் நம்பினது சரியாப் போச்சு,” என்றார்.

“அவர் நம்பல,” என்றேன். “கணக்குப் போட்டார்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய், தன் கையாலேயே தடுப்பைத் தூக்கினார். கார்கள் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தன. பின்னால் பள்ளிப் பேருந்து. ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்த ஒரு சிறுமி, “ஆடவே மாட்டேங்குதே!” என்று ஏமாற்றத்தோடு கத்தினாள். எல்லோரும் சிரித்தோம்.

நான் குனிந்து கோப்பையை எடுத்தேன். அப்போதுதான் காபி சிந்தியது, என் மணிக்கட்டு வரைக்கும்.

“பாரு,” என்றார் ஷூர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பாலம் நிக்குது. நீதான் ஆடுற.”