ஓடைக்கு வராத ஓலை

ஃபீபிக்குக் கல்யாணம் பேசிய வருஷத்தில் ஆம்பூர் கம்ப்யூட்டர்களில் தமிழ் பாதி நேரம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். டெலிபோன் வயரைப் பிடுங்கி மோடத்தில் சொருகினால், அது கீச்சுகீச்சென்று கொஞ்ச நேரம் கத்திவிட்டு, இஷ்டப்பட்டால் இன்டர்நெட்டைக் கொடுக்கும். இஷ்டப்படாவிட்டால் கிடையாது. அன்றைக்கு அந்தச் சத்தத்தைத் திட்டித் தீர்த்தவர்கள்தான் இன்றைக்கு, ஆஹா, என்ன காலம் அது என்று உருகுகிறார்கள். ஃபீபியும் உருகுகிற கட்சிதான். அவளுக்காவது அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது.

அவள் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன். எந்த ஆர்டருக்கு எந்தத் தோல், எந்த சைஸ், கட்டிங்கில் எவ்வளவு நிற்கிறது, ஸ்டிச்சிங்குக்கு எவ்வளவு போயிற்று என்பதையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றி, கேட்டவர்களுக்குக் கேட்ட விதத்தில் எடுத்துக் கொடுப்பது வேலை. அப்பா சுந்தர்ராஜ் அதே கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். சபைக் கமிட்டியின் செயலாளரும் அவர்தான். அம்மா ஜெயபுஷ்பம் டீச்சர். அந்த வீட்டில் யாரும் யாரையும் சத்தம் போட்டுத் திட்ட மாட்டார்கள். பேசாமல் இருந்தே கொன்றுவிடுவார்கள். ஃபீபிக்கும் அந்த ரத்தம்தானே ஓடுகிறது?

நத்தானியேலை அவளுக்கு ஃபாக்ஸ்ப்ரோ கோர்ஸ் படித்த காலத்திலிருந்து தெரியும். தொண்ணூற்றேழில், பைபாஸ் ரோட்டு கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு மெஷினுக்கு இரண்டு பேரை உட்கார வைப்பார்கள். ஒருத்தர் தட்ட வேண்டும், ஒருத்தர் பார்க்க வேண்டும், பாதி நேரம் ஆனதும் இடம் மாற வேண்டும். அவளுக்கு ஜோடியாக வந்தவன் நத்தானியேல். மற்ற ஜோடிகள் கீபோர்டுக்குச் சண்டை போட்டன. இவர்களோ, நீயே தட்டு, இல்ல நீ தட்டு என்று ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்தே பாதிக் கோர்ஸை வீணடித்தார்கள். அப்போதே யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை. பிறகு அவன் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். அவனுடைய அப்பா அம்மாவும் மகள் வீட்டோடு பெங்களூருக்குக் குடிபோய்விட்டார்கள். ஆம்பூரில் அவனுக்கென்று மிச்சம் இருந்தது சபையும் ஃபீபியும்தான்.

சபைக்கு ஒரு வலைப்பதிவு ஆரம்பிக்கலாம் என்ற யோசனை அவனுடையது. இரண்டாயிரத்து மூன்றில் வலைப்பதிவு என்றால் நம்மூரில் முக்கால்வாசிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. இலவசமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை எடுத்துத் தன் சர்வரில் போட்டு, டேட்டாபேஸைத் திறந்து கொடுத்தான். ஞானஸ்நானம், பாடகர் குழு ஒத்திகை, இறப்புச் செய்தி என்று எதை எந்த வகையில் போடுவது என்பதை இவள் முடிவு செய்தாள். வாராவாரம் மெயில் போகும், மெயில் வரும். எல்லாம் டேபிளைப் பற்றி, பேக்கப்பைப் பற்றி, எழுத்துரு உடைவதைப் பற்றி. அந்த மெயில்களை வேறு யாராவது படித்தால் கொட்டாவி விடுவார்கள். ஃபீபி ஒவ்வொன்றையும் நாலைந்து தடவை படிப்பாள்.

அந்த வேலையில் அவனுக்கு ரொம்பப் பிடித்தது செய்தியோடை. புதிதாக ஏறும் பதிவுகளை மென்பொருள் தானாகவே ஒரு தட்டில் வைத்து வெளியே நீட்டும். யார் வேண்டுமானாலும் அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் பரிமாறிக்கொள்ளலாம். குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் என்று நம் பக்கத்துப் பதிவுகளின் ஓடைகளையெல்லாம் சேர்த்து, மஸ்கட்டில் இருக்கும் நம் ஜனங்களுக்காக அவன் ஒரு பக்கம் நடத்தினான். ஞாயிறு சாயங்காலம் அவனுடைய ப்ரோகிராம் வந்து எல்லாத் தட்டையும் வழித்துக்கொண்டு போகும். திங்கள் காலை வேலைக்குப் போனதும் அவன் முதலில் படிப்பது அதைத்தான். படித்த கையோடு ஃபீபிக்கு ஒரு மெயில்.

ஓலைக்கென்று ஒரு வகையைச் சேர்த்ததும் அவன்தான். ஓலை என்றால் கல்யாண அறிவிப்பு. பெண் இன்னார், பையன் இன்னார், இவர்கள் சேர்வதற்கு நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு ஆராதனையில் ஆயர் வாசிப்பார். மூன்றும் தாண்டிவிட்டால் கல்யாணம். அந்த வகையைச் சேர்த்துவிட்டு, ‘உன் ஓலை எப்ப ஏறும்?’ என்று மெயிலின் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தான். அந்த வரியை வைத்துக்கொண்டு ஃபீபி ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் என்ன பதில் போட்டாள் தெரியுமா? டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிட்டேன் என்று.

இந்த லட்சணத்தில்தான் ஷாஜின் சம்பந்தம் வந்தது. வேலூரில் லேப் டெக்னீஷியன், அமைதியான குடும்பம், பையனிடம் குறை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. அதுதான் பேஜார். குறை இருந்திருந்தால் அதைச் சொல்லித் தப்பித்திருப்பாள். சம்மதமா என்று அம்மா கேட்டபோது தலையைக் குனிந்தாள். நம் வீடுகளில் பெண் தலையைக் குனிந்தால் சம்மதம் என்று கணக்கு. தேதி குறித்துவிட்டார்கள்.

நத்தானியேலுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். இரண்டு வரி மெயில் போட்டிருக்கலாம். வாய்விட்டுச் சொன்னால் இவள் குறைந்துபோய்விடுவாளாம். அதனால் ஒரு யோசனை செய்தாள். ஓலையைப் பதிவில் ஏற்றிவிடுவது. திங்கட்கிழமை அவன் பார்ப்பான். அவன் மனசில் ஏதாவது இருந்தால் சொல்லட்டும், மூன்று ஞாயிறு இருக்கிறதே. ஒன்றும் சொல்லாவிட்டால் அவன் மனசில் ஒன்றும் இல்லை, ஷாஜினைக் கட்டிக்கொண்டு வேலூருக்குப் போய்விட வேண்டியது. படித்த பெண், தன் வாழ்க்கையைத் தூக்கி ஒரு ஓடையில் விட்டாள். சனிக்கிழமை மத்தியானம், சபை ஆபீஸ் கம்ப்யூட்டரில், மூன்று ஞாயிறு தேதிகளையும் சேர்த்து ஒரே பதிவாகத் தன் ஓலையைத் தானே தட்டினாள். சேமி என்பதை அழுத்தினாள்.

மறுநாள் அறுப்பின் பண்டிகை, விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து ஏலம் விடும் நாள். ஆராதனையில் முதல் ஓலை வாசித்தார்கள்; ஏலத்துக்கு முன்னால் யாரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. அன்றைக்குக் கோவில் முற்றம் முழுக்கக் காணிக்கை. பூசணிக்காய், தேங்காய், வாழைத்தார், சேவல், கேக், யாரோ கம்பெனியிலிருந்து வாங்கி வந்த புது ஷூ ஜோடி. போன வருஷம் காணிக்கை கொடுத்தவர்கள் எல்லாரையும் ஒரே பதிவில் போட்டு, அது பெரிய ரகளையாகிவிட்டது. யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்று கேட்டு இரண்டு குடும்பங்கள் ஈஸ்டர் வரைக்கும் கோவிலுக்கு வரவில்லை. அதனால் இந்த வருஷம் குடும்பத்துக்கு ஒரு பதிவு, அவரவர் பெயரே தலைப்பு என்று கமிட்டியில் தீர்மானம் போட்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டைக்கூட ஒழுங்காகச் சாப்பிடாமல் ஃபீபி ஒவ்வொரு குடும்பமாகத் தட்டி ஏற்றினாள். சுந்தர்ராஜ் பக்கத்தில் நின்று யார் பெயரும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மெயில் வந்தது. ஃபீபி உடனே திறந்தாள். ‘அறுப்பின் பண்டிகை ஜோர் போல. அவ்ளோ பெரிய பூசணிக்காய் யாரு ஏலம் எடுத்தது?’

அவ்வளவுதான். அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? ஓலையைப் பார்த்துவிட்டுப் பூசணிக்காயைக் கேட்கிறான் மனுஷன். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தாள். அந்த மெயிலுக்குப் பதில் போடவில்லை.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. மறுபடி ஒரு மெயில். ‘ஏன் சத்தமே இல்ல? ஆர்டர் ஜாஸ்தியா?’ என்ன நெஞ்சழுத்தம் என்று ஃபீபி பல்லைக் கடித்தாள். வீட்டில் புடவை எடுக்க காஞ்சிபுரம் போய் வந்தார்கள். எந்த நிறத்தைக் காட்டினாலும் சரி என்றாள். ஜெயபுஷ்பம் மகளின் முகத்தைப் பார்த்தாள், கேட்க வாயெடுத்தாள், பிறகு கடைக்காரரிடம் விலையைக் கேட்டாள்.

மூன்றாம் ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, ஆபீசில் அரைநாள் வேலை. எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தன் ஓலை மஸ்கட்டில் எந்த இடத்தில் கிடக்கிறது, அதைத் தாண்டி எப்படித்தான் பூசணிக்காய்க்குப் போனான் என்று பார்க்க நினைத்து, ஃபீபி அவனுடைய பக்கத்தைத் திறந்தாள். மோடம் கத்தி முடித்தது. பக்கம் மெதுவாக இறங்கியது. மேலே குடியாத்தம் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா. கீழே ஆம்பூர். காணிக்கை, காணிக்கை, காணிக்கை. அதற்கும் கீழே அதற்கு முந்தின வாரத்துப் பாடகர் ஒத்திகை. நடுவில் ஓலை இல்லை. மறுபடி மேலே போய் மறுபடி கீழே வந்தாள். இல்லை. காணிக்கையிலும் கடைசியாக ஏற்றிய பத்துக் குடும்பங்கள்தான் இருந்தன.

பத்து. தட்டில் கடைசிப் பத்துப் பதிவுகளுக்குத்தான் இடம். அந்தப் பத்தை அமைப்புப் பக்கத்தில் அவளே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை ஏற்றிய ஓலையை ஞாயிற்றுக்கிழமைத் தேங்காயும் சேவலும் தட்டிலிருந்து தள்ளிவிட்டிருக்கின்றன. சாயங்காலம் அவனுடைய ப்ரோகிராம் வந்தபோது அங்கே இருந்தது பூசணிக்காய். அவன் பூசணிக்காயைக் கேட்டான். பாவம், வேறு எதைக் கேட்பான்?

பதிவின் தேதியை மாற்றிச் சேமித்தால் ஓலை மறுபடி தட்டில் ஏறிவிடும். ஆனால் அதை அவன் எடுக்கப்போவது நாளைச் சாயங்காலம். காலையிலேயே மூன்றாம் ஓலை முடிந்துவிடும். போன் போடலாம். ரிசீவரைக் கையில் எடுத்தாள். எடுத்த பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. உனக்குத் தடை இருக்கா என்று அவனைக் கேட்டு, அவன் இல்லை என்று சொல்லிவிட்டால்? சந்தோஷமாகப் போய் ஷாஜின் பக்கத்தில் நிற்பாளா? மாட்டாள். அவன் என்ன சொன்னாலும் மாட்டாள். இரண்டு வாரமாக அவன் வாயைத் திறக்கவில்லை என்று கரித்துக்கொட்டினாளே, இவள் திறந்தாளா? ஃபீபிக்குத் தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ரிசீவரை வைத்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தாள். அப்பா மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போயிருந்தார். அம்மா பத்திரிகைக்கு மஞ்சள் தடவக் கூடாது, நம்ம வழக்கம் இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரம்மாளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஃபீபி சொல்லாமலே போய்ப் படுத்துவிட்டாள்.

ஞாயிறு ஆராதனையில் ஆயர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். சுந்தர்ராஜ் அவர்களின் குமாரத்தி செல்வி ஃபீபி. இது மூன்றாம் முறையும் கடைசி முறையும். தடை ஏதாவது உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் இப்போதே தெரிவிக்க வேண்டும். அந்த இடத்தில் ஆயர் எப்போதும் ஒரு மூச்சு விடுவார். அந்தக் கோவிலில் அந்த மூச்சுக்குள் யாரும் எழுந்து நின்றதே இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஃபீபி எழுந்தாள்.

“தடை இருக்குங்கய்யா. எனக்கு இதுல சம்மதம் இல்ல. மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு.”

ஜெயபுஷ்பம் அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஆனால் பிடித்த கையை ஆராதனை முடியும்வரை விடவில்லை. ஆண்கள் பக்கம் சுந்தர்ராஜ் பாட்டுப் புஸ்தகத்தை மூடிக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். ஆயர் வேலூருக்குப் போன் போட்டுச் சொல்வதற்குள் அங்கே ஷாஜின் சபையில் மூன்றாம் ஓலையை வாசித்தே முடித்திருந்தார்கள். ஷாஜின் மறுநாள் போனில் கோபமாகப் பேசினான். பேச வேண்டிய கோபம்தான். ஃபீபி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். கடைசியில் அவனே கொஞ்சம் தணிந்து, இதைக் கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று கேட்டான். மன்னிப்புக் கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க சுந்தர்ராஜ் மகளிடம் பேசவில்லை. கம்பெனியில் எதிரே வந்தாலும் லெதர் கட்டைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார். சனிக்கிழமை காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“ஓலையை பதிவுல போட்ட இல்ல? நிறுத்தினதையும் போடு. சபை விஷயம், பாதியில விடக் கூடாது.”

திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு அழுகை வந்திருக்காது. மறுநாள் ஆராதனை முடிந்ததும் ஃபீபி ஒரே ஒரு பதிவு போட்டாள். இன்ன தேதிகளில் வாசிக்கப்பட்ட ஓலை நிறுத்தப்பட்டது. அவ்வளவுதான், பெயர்கூட இல்லை. அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் ஏற்றவில்லை.

திங்கட்கிழமை காலை ஆபீஸ் போன் அடித்தது. அக்கவுன்ட்ஸ் தேவகி எடுத்து, மஸ்கட்டாம் என்று கண்ணை விரித்து ஃபீபியிடம் நீட்டினாள். இத்தனை வருஷத்தில் அவன் ஆபீசுக்குப் போன் போட்டதே கிடையாது.

“ஃபீபி, ஓலை நிறுத்தப்பட்டதுன்னு வந்திருக்கு. இன்னா ஓலை? எனக்கு ஓலையே வரலையே. யாருது?”

“என்னுது.”

அவன் குரல் ரொம்பச் சின்னதாக வந்தது.

“தடை யாரு சொன்னது?”

“நான்தான் சொன்னேன்.”

“இன்னா தடை?”

ஃபீபி நிமிர்ந்து பார்த்தாள். தேவகி பேனாவை மூடிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தாள். டெஸ்பாட்ச் ஆட்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். அவர்களுக்குப் பின்னால், கையில் ஒரு தோல் சாம்பிளோடு, அப்பா.

“நீதான்” என்றாள் ஃபீபி, எல்லாருக்கும் கேட்கும்படி.