கூப்பிடாத பெயர்

மூன்று வருடமாக இசோபே டீச்சர் தினமும் காலையில் "குராமோச்சி கெந்தா" என்று கூப்பிட்டாள். ஒரு தடவைகூட அவன் "உள்ளேன்" என்று சொன்னதில்லை. கடைசி வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்து அவளையே பார்ப்பான், உதடு அசையாது. திட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். ஜப்பானின் வடகோடியில் இருந்த அந்தத் துறைமுக ஊரில், வேறெந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள்தான் அவளுடைய வகுப்பு. அவர்களுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது?

அவனிடம் நல்லதே இல்லை என்றால் பொய். ஜனவரிக் குளிரில் வகுப்பின் மண்ணெண்ணெய்க் கணப்பு அணைந்து எல்லோரும் விறைத்தபோது, யாரும் சொல்லாமலே எழுந்து வந்து, கழற்றித் துடைத்துச் சரிசெய்து கொடுத்தான். அன்று முழுக்க அவளுக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. மறுநாள் ஆசையோடு பெயரைக் கூப்பிட்டாள். பழைய கதைதான். சிரித்ததற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

பட்டமளிப்பு விழாவில் வகுப்பாசிரியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, பிள்ளை எழுந்து "உள்ளேன்" சொல்லிவிட்டு நிற்க வேண்டும். முந்தின நாள் ஒத்திகையில் குராமோச்சி எழுந்தான், சொல்லவில்லை. துணைத் தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷத்துல ஒரு பையன் வாயத் திறக்க வைக்க முடியல. அப்படி என்னதான் சொல்லிக்குடுத்தீங்க, இசோபே டீச்சர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். குனிந்தபடியே முடிவும் செய்தாள். நாளைக்கு உன் பேரையே கூப்பிட மாட்டேன்டா. எல்லாரும் நிப்பாங்க, நீ மட்டும் உக்காந்திரு. உங்கப்பன் கண்குளிரப் பார்க்கட்டும்.

விழாவன்று கிமோனோ உடுத்தி ஒலிவாங்கி முன்னால் நின்று அவள் பெயர்ப் பட்டியலை விரித்தாள். பெற்றோர் வரிசையில் குராமோச்சியின் அப்பா, கணவாய் மீன் பிடிக்கும் படகுக்காரர், இறுக்கமான கறுப்புக் கோட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார்.

"குபோய் ஷிஹோ."

"உள்ளேன்."

அடுத்தது அவன். அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். வஞ்சம் இவ்வளவு இனிக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"குவாபாரா நவோகி."

குவாபாரா பாதி எழுந்து, பக்கத்தில் இருந்த குராமோச்சியைப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தான். அப்போது குராமோச்சி தானாக எழுந்தான்.

"உள்ளேன்."

சுவரில் மோதித் திரும்புகிற குரல். மூன்று வருடமாக அவள் ஏங்கிய அந்தச் சொல், அவள் கூப்பிடாத பெயருக்கு வந்து சேர்ந்தது. டீச்சர் பதற்றத்தில் ஒரு பெயரை விட்டுவிட்டாள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மீதிப் பெயர்களை எப்படிக் கூப்பிட்டு முடித்தாள் என்று அவளுக்கே நினைவில்லை.

பனி உருகிச் சேறான முற்றத்தில் படகுக்காரர் மகனோடு வந்து, இடுப்பு ஒடியக் குனிந்தார்.

"பாவிப்பய, ஒரு வாரமா குளிக்கும்போதெல்லாம் உள்ளேன், உள்ளேன்னு கத்திக்கிட்டே இருந்தான் டீச்சர். ஒத்திகையிலயே சொல்லித் தொலைடான்னேன். ஒத்திகைல சொன்னா என்ன இருக்கு, விழால டீச்சர் கூப்பிடும்போதுதான் சொல்லுவேன்னுட்டான்."

அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். அதற்குள் குராமோச்சி பேசினான்.

"நீங்க இன்னும் என் பேரக் கூப்பிடலையே, டீச்சர்."

குரலில் கோபம் இல்லை. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

"குராமோச்சி கெந்தா."

சன்னலோரத்தில் இருந்து பார்த்ததுபோலவே அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். உதடு அசையவில்லை. பிறகு முறையாகக் குனிந்து வணங்கிவிட்டு, அப்பாவோடு வாசலைப் பார்த்து நடந்தான்.

அவள் இன்னொரு தடவை கூப்பிட்டாள்.