கடைசிப் போத்தலின் மண்டி

1.

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் கிளடிஸின் கணவர் றொனால்ட் அண்ணை. "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்று மூன்று தரம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் சொன்னார். எழுதக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். மூன்று நாளாகக் கை பரபரத்துக்கொண்டிருக்கிறது, என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

டெனிஸ்டன் என்பவன் பார்க்டேலில் ஒன்பதாம் மாடியில் வீட்டிலேயே பியர் காய்ச்சினான். அவனுடைய மனைவி

நிறுத்திவிட்டேன். காய்ச்சியது ஆணில்லை. ஐம்பத்துநாலு வயதுக் கிளடிஸ், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள். நீங்கள் நம்பமாட்டீர்களோ என்று பயந்துதான் டெனிஸ்டனை உண்டாக்கினேன். பாவம், ஒன்றரை வரி வாழ்ந்துவிட்டுப் போய்விட்டான்.

2.

கிளடிஸும் செலீனும் ஆஸ்பத்திரி லோண்டரியில் பதினொரு வருடம் ஒரே ஷிப்ட். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வேலை முடிந்ததும் ஸ்ட்ரீட்கார் பிடித்து நேரே கிளடிஸ் வீட்டு பல்கனிக்கு வந்துவிடுவார்கள். ஒரு போத்தல் கோதுமைப் பியர், இரண்டு கிளாஸ், ஒரு தட்டு தட்டைவடை. பியரின் பெயர் வாயில் நுழையாது. லேபிளில் கொக்கு ஒன்று நின்றதால் அதற்குக் கொக்குப் பியர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

போன வருடம் கொம்பனி கொக்குப் பியரை நிறுத்திவிட்டது. கிளடிஸின் பிரிட்ஜில் ஒரே ஒரு போத்தல் மிஞ்சியது. எட்டு மாதம் அது அப்படியே கிடந்தது. பிறகு ஒருநாள் செலீன், மகளோடு எட்மன்டனுக்குக் குடிபோகப் போகிறேன் என்றாள்.

"உதைத் தொட்டிடாதை. நான் போறதுக்கு முதல்நாள் ரெண்டு பேருமாக் குடிப்பம். சத்தியம் பண்ணடி," என்றாள்.

"அந்தோனியார் மேலை சத்தியம்," என்றாள் கிளடிஸ்.

(செலீனை இன்னும் கொஞ்சம் நல்லவளாக எழுதியிருக்கலாம். மனம் வரவில்லை.)

3.

செலீன் போவதற்கு ஆறு கிழமை இருந்தது. கிளடிஸுக்கு நித்திரை இல்லை. சிநேகிதியும் போய், பியரும் முடிந்துபோனால் வெள்ளிக்கிழமையில் என்னதான் மிச்சம்? செலீனைப் பிடித்துவைக்க ஏலாது. பியரையாவது பிடித்துவைக்கலாம், 'கடைசி' என்ற சொல்லே வராமல் பண்ணலாம் என்று முடிவெடுத்தாள்.

வீட்டில் பியர் காய்ச்சுவதற்குச் சாமான் விற்கும் கடையைத் தேடிப்பிடித்து, முளைவிட்ட கோதுமையும் பார்லியும் கசப்புக்குப் போடுகிற ஹொப்ஸும் புளிக்கவைக்கிற ஈஸ்டும் ஒரு பெரிய வாளியும் வாங்கி வந்தாள். வாழைப்பழமும் கராம்பும் மணக்கும் என்று கொக்கு லேபிளில் எழுதியிருந்தது. முப்பது வருடம் சமைத்த கைக்கு அது போதாதா? கொதிக்கிற பானைக்குள் பதினெட்டுக் கராம்பு போட்டாள். இரண்டு வாழைப்பழத்தைப் பிசைந்தும் விட்டாள்.

பத்தாம் நாள் றொனால்ட் வாயில் வைத்துப் பார்த்தார்.

"இஞ்சரப்பா, உது பல்லுக்கொதிக்குப் பூசுற மருந்தல்லோ!"

இருபது லீற்றரும் சிங்கில் போனது. கடைக்காரன் விழுந்துவிழுந்து சிரித்தானாம். கராம்பும் இல்லை, பழமும் இல்லை, அந்த மணத்தை உண்டாக்குவதே ஈஸ்ட்தான். கொக்குக் கொம்பனியின் ஈஸ்ட் கடையில் கிடைக்காது. ஆனால் அந்தப் பியரை அவர்கள் வடிகட்டுவதில்லை. ஒரு போத்தல் இருந்தால் அடியில் வெள்ளையாய்ப் படிந்திருக்கும் மண்டியைப் பார், அதற்குள் உயிரோடு இருக்கலாம் என்றான்.

இருக்கலாம். நிச்சயமில்லை.

4.

இந்த இடத்தை நான் ஐந்து தரம் எழுதிக் கிழித்தேன்.* கதை முழுக்க இந்தப் போத்தலின் கழுத்தில்தான் நிற்கிறது. திறந்தால் சத்தியம் போச்சு. ஈஸ்ட் செத்திருந்தால் பியரும் போச்சு.

"சத்தியம் பண்ணினனீர் எல்லே?" என்றார் றொனால்ட்.

"பண்ணினனான். நீங்கள் சும்மா இருங்கோ," என்று அதட்டிவிட்டு கிளடிஸ் மூடியைத் திறந்தாள். பியரை மெதுவாகக் கிளாஸில் சரித்து அவரிடம் நீட்டினாள். தான் ஒரு சொட்டும் தொடவில்லை. மிஞ்சிய மண்டியை, முளைத் தானியம் அவித்து ஆறவிட்ட இனிப்புத் தண்ணீர் நிரப்பிய ஜாம் போத்தலுக்குள் ஊற்றினாள்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வேலைக்கு வெளிக்கிட்டவள் கோட்டும் சப்பாத்துமாய்க் குசினிக்குள் நின்று கத்தினாள்:

"இஞ்ச ஓடியாங்கோ! நுரைக்குது! உயிர் இருக்கப்பா, உயிர் இருக்கு!"

அடுத்த இருபது லீற்றரும் கொதித்தது. குளியல் தொட்டியில் ஐஸ் நிரப்பிப் பானையை ஆறவைத்து, நுரைத்த மண்டியோடு வாளிக்குள் ஊற்றினார்கள். மறுநாள் வாளி மூடியில் டுப் டுப் என்று காற்று வரத் தொடங்கியது. புருசனும் பெண்சாதியும் கதிரை போட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

* ஒரு பிரதியில் போத்தல் தவறி விழுந்து உடைந்தது. அது வெறும் கோழைத்தனம். அவள் மனமறிந்து திறந்தாள்.

5.

திட்டம் இதுதான். பழைய கொக்குப் போத்தலில் புதுப் பியரை நிரப்புவது. செலீன் வித்தியாசம் கண்டுபிடிக்காவிட்டால் வெற்றி. உடனே உண்மையைச் சொல்லி, கட்டிலுக்குக் கீழே இருக்கிற முப்பத்தொன்பது போத்தலையும் காட்டிக் குதிப்பது.

பல்கனியில் செலீன் ஒரு மிடறு குடித்தாள். அவளுடைய கண் நிரம்பி வழிந்தது.

"கடைசியெல்லே," என்றாள்.

கிளடிஸ் தட்டைவடைத் தட்டைச் செலீன் பக்கம் நகர்த்தினாள். உண்மையை அவள் சொல்லவே இல்லை. அடுத்த நாள் செலீன் விமானம் ஏறிவிட்டாள். விமான நிலையத்துக்குக் கார் ஓட்டிப்போன றொனால்ட், வாசலில் வைத்து எல்லா உண்மையையும் சொல்லிக் கொட்டிவிட்டார்.

6.

முடிவு ஒன்று: கிளடிஸ் போன் எடுத்து அழுகிறாள், செலீன் மன்னித்து

சீ, வேண்டாம். முடிவு இரண்டு: செலீனுக்குக் கடைசிவரை தெரியாமலே

அதுவும் சரிவராது, ஏனென்றால் செலீன் நான்தான்.

கிளடிஸ், றொனால்ட் அண்ணை சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்று நினைக்காதே. முதல் மிடறிலேயே தெரிந்துவிட்டது. எட்டு மாதத்துக்கு மேல் கிடந்த பியர் அப்படி மணக்காது. பதினொரு வருடத்துக்கு முன் உன் பல்கனியில் முதல்முதல் திறந்த போத்தல் மாதிரியே இருந்ததடி. பழசைத் திறந்துவிட்டாய், எனக்காகத்தான் திறந்தாய் என்று உடனே விளங்கியது. அதுதான் அழுதேன். உன் முகத்தில் அவ்வளவு பயத்தைக் கண்டதும், ஒன்றும் தெரியாதவள் மாதிரி "கடைசியெல்லே" என்று பொய் சொன்னேன்.

முடிவை நான் எழுதமாட்டேன். வெள்ளிக்கிழமை உனக்கு நாலு மணி, இங்கே எட்மன்டனில் எனக்கு இரண்டு மணி. ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கோல் எடு. "சத்தியத்தை மீறிப்போட்டன்" என்று மட்டும் தொடங்காதே. எட்மன்டனுக்குப் போத்தல் உடையாமல் எப்படி அனுப்பலாம் என்று தொடங்கு.