நாலாவது ஆள்

"மூணு பேரா? மாட்டேன்."

சொல்லிவிட்டு அமலோற்பவம் முறத்தைக் கையில் எடுத்தாள். முறம் கைக்கு வந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அந்த வீட்டில் அர்த்தம்.

ரோஸ்லின் கேமராப் பையைத் திறந்தது திறந்தபடி எல்சியைப் பார்த்தாள். எல்சி தன் அப்பாவைப் பார்த்தாள். அப்பா குழந்தைராஜ் உத்தரத்தைப் பார்த்தார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கார் வந்துவிடும். திருச்சி ஏர்போர்ட். அங்கிருந்து அயர்லாந்து, நர்ஸ் வேலை. திரும்பி எப்போது வருவாள் என்பது லீவு கொடுக்கப்போகிற ஆஸ்பத்திரிக்குத்தான் தெரியும். போவதற்குள் எல்சிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அப்பா, அம்மா, அவள், மூவரும் ஒரே படத்தில்.

அப்படி ஒரு படம் அந்த வீட்டில் இல்லை. ஞானஸ்நானத்தில் இல்லை, புதுநன்மையில் இல்லை, நர்ஸிங் பட்டம் வாங்கிய அன்றும் இல்லை. எந்தப் படத்தை எடுத்தாலும் இரண்டு பேர். இல்லாவிட்டால் சித்தி, பெரியப்பா, அவர்கள் வீட்டு நண்டு சிண்டு என்று ஒரு லாரி ஜனம்.

ரோஸ்லின் எல்சியோடு படித்தவள். திருக்காட்டுப்பள்ளியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். கல்யாண வீடுகளில் மாமியார் மருமகளையே சேர்த்து நிற்கவைத்தவள். இது அவளுக்குப் புதுசு.

"ஏம்மா, இந்தக் காலத்துல போய்..."

"எந்தக் காலமா இருந்தா என்னடி?" முறத்தில் உளுந்து துள்ளியது. "என் கல்யாணத்தன்னைக்கு இவரு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவுல என் தம்பி ஜெரால்டு. மூணு பேரா நின்னோம். ஆவணியில கல்யாணம். ஐப்பசியில குடமுருட்டித் தண்ணி கரை மேல ஏறுச்சு. கன்னுக்குட்டியப் பிடிக்கப் போனான். கன்னுக்குட்டி வந்துருச்சு."

முறம் ஒரு நொடி நின்றது. மறுபடி ஆடியது.

ரோஸ்லின்தான் மெல்ல ஆரம்பித்தாள். "ரெண்டு ரெண்டு பேரா எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஒட்டிரட்டுமா?"

"ஒட்டினா மூணு அஞ்சாயிருமா?"

"அப்ப நானே நாலாவதா வந்து நிக்கிறேன்."

"நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிதான், இல்லேங்கல. ஆனா இவ அங்க போய்ச் சுவத்துல மாட்டுவா. இது யாருன்னு கேட்டா, போட்டோ எடுக்க வந்த பொண்ணுன்னு சொல்றதா?"

"முக்குக்கடை யூனுஸ் பாயைக் கூப்பிடுறேன்" என்றார் குழந்தைராஜ். "கடையை அப்படியே போட்டுட்டு வந்து நிப்பாரு. போட்டோன்னா அவருக்கு உயிரு."

"ஏங்க, நீங்க சும்மா இருக்க மாட்டீங்களா?"

அவர் சும்மா இருக்கவில்லை. எழுந்தார். கொடியில் காய்ந்த தன் நீலச் சட்டையை உருவினார். ஒரு துண்டை எடுத்தார். கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

எல்சி கிணற்றடியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. "விடு ரோஸ். எங்கம்மா மாற மாட்டாங்க."

ரோஸ்லின் பைக்குள் கைவிட்டு ஒரு லென்ஸை எடுத்தாள். கருத்த, கனத்த உருளை. ரஷ்யாவில் எந்தக் காலத்திலோ பிலிம் கேமராவுக்குச் செய்தது. சென்னையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. இணைப்பு வளையம் ஒன்றை இடையில் பூட்டி அதைத் தன் புது டிஜிட்டல் கேமராவில் மாட்டினாள்.

"இந்த லென்ஸ் யாருன்னே கேமராவுக்குத் தெரியாது" என்றாள். "தானா போகஸ் ஆகாது. கையால திருகணும். நீ சும்மா பாரு."

எல்சி ஸ்க்ரீனைப் பார்த்தாள். ரோஸ்லின் லென்ஸின் வளையத்தைத் திருகத் திருகக் கிணற்று வாளி தெளிந்தது. தெளிந்த இடத்தின் ஓரத்தில் மட்டும், போகஸ் சேர்ந்ததற்கு அடையாளமாக, மெல்லிய சிவப்புக் கோடு ஓடியது. வாளிக்குப் பின்னால் இருந்த உலகமோ அவிழ்ந்துவிட்டது. வேப்பிலைகள் வட்ட வட்டமாக ஊறி, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுற்றின. இலைச் சந்தில் விழுந்த வெயில் எண்ணெய்த் துளிகளாக மிதந்தது. தூக்கம் கலைகிற நேரத்தில், கண் இன்னும் சேராதபோது தெரிகிற காலைபோல இருந்தது.

"அய்யோ, அழகா இருக்கே" என்றாள் எல்சி. அழுகை நின்றிருந்தது.

அப்போது வயல் பக்கமிருந்து சத்தம். "அமலீ! சீக்கிரம் வா! அமலீ!"

"மயில் இறங்கிருச்சு போல!" அமலோற்பவம் முறத்தோடு ஓடினாள். விளைந்து நிற்கும் சம்பாவில் மயில் இறங்கினால் தெரியும் சேதி. பெண்கள் இருவரும் கேமராப் பையோடு பின்னால் ஓடினார்கள்.

மயிலைக் காணோம்.

கதிர் சாய்ந்த வயல் குடமுருட்டிக் கரைவரை பொன்னாகக் கிடந்தது. தை மாசத்துப் பனி அதற்குள் தரையை விட்டு எழும்பியிருந்தது. வரப்பில் குழந்தைராஜ் இடுப்பில் கைவைத்து நின்றார். வயலுக்குள் வெகு தூரத்தில் அவருடைய நீலச் சட்டை நின்றது. வைக்கோல் பொம்மை. தலைக்கு மண்சட்டி, தோளில் துண்டு.

"நாலாவது ஆள் வந்தாச்சு" என்றார். "சோறு கேக்க மாட்டாரு."

அமலோற்பவத்துக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் கலந்தது. "பொம்மையைப் போய் ஆளுன்னு கணக்குல வைப்பாங்களா? புத்தி எங்க போச்சு உங்களுக்கு?"

"அம்மா, எடுத்துத்தான் பாப்போமே" என்றாள் ரோஸ்லின். முதலில் புது லென்ஸைப் போட்டாள். அப்பாவையும் எல்சியையும் வரப்பில் நிறுத்தி ஒரு படம். முகங்களைக் கேமரா தானே தேடிப்பிடித்தது. படம் கத்தி மாதிரி தெளிவு. பின்னால் நின்ற பொம்மையும் கலங்காமல் விழுந்திருந்தது. சட்டியின் விரிசலும் பிதுங்கிய வைக்கோலும்கூடத் தெரிந்தன.

அமலோற்பவம் எட்டிப் பார்த்தாள். "நல்ல அழகு. இந்தச் சட்டிமூஞ்சிதான் என் சொந்தக்காரனா?"

திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

சூரியன் தென்னைகளுக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் ஓட்டமாக லென்ஸை மாற்றினாள். "ரெண்டு பேரும் ஒரே கோட்டுல நில்லுங்கப்பா. ஒருத்தர் மூக்கு முன்னாடி வந்தாலும் கலங்கிரும். நடுவுல ஒரு ஆளுக்கு இடம் விடுங்க." வளையத்தைத் திருகினாள். எல்சியின் இமையில் சிவப்புக் கோடு வந்தது. அப்பாவின் மீசையில் வந்தது.

"அம்மா, போறதுன்னா போங்க. ஒரே ஒரு தடவை இதைப் பாத்துட்டுப் போங்க."

வேண்டாவெறுப்பாகத்தான் வந்து குனிந்தாள்.

கதிர்கள் காணாமல் போயிருந்தன. அவை இருந்த இடத்தில் பொன்வட்டங்கள் மெதுவாகச் சுழன்றன. பனியும் வெயிலும் ஒன்றாகக் கரைந்து பால்போல் நின்றன. கணவர் முகம். மகள் முகம். இரண்டுக்கும் நடுவே, தூரத்தில், வெளிச்சத்துக்குள் ஒருவன். சட்டி இல்லை, வைக்கோல் இல்லை. நீலச் சட்டை போட்ட மெலிந்த ஒருவன் வலது தோளைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்து நின்றான்.

அமலோற்பவத்தின் உதடுகள் அசைந்தன.

ஜெரால்டு அப்படித்தான் நிற்பான். கோவிலில் நின்றாலும், பஸ்ஸுக்கு நின்றாலும், அந்தத் தோள் சாயும்.

"ஒண்ணு..." என்றாள். விரல் ஸ்க்ரீனைத் தொடாமல் நகர்ந்தது. "ரெண்டு... மூணு."

முகம் வெளுத்தது.

"மூணு பேரு நிக்கிறாங்கடி! எடுத்துறாத! ரோஸு, எடுத்துறாத!"

முறம் வரப்பில் விழுந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வயசில், வரப்பில் ஓடினாள். கணவருக்கும் மகளுக்கும் நடுவே விட்டிருந்த இடத்தில் புகுந்தாள். இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டாள். மூச்சு இரைத்தது.

"இப்ப எடு. இப்ப நாலு."

ரோஸ்லின் வளையத்தை ஒரு மயிரிழை திருகினாள். அமலோற்பவத்தின் ஈரக் கண்ணில் சிவப்புக் கோடு ஓடியது.

க்ளிக்.

படத்தைக் காட்டியபோது அமலோற்பவம் மகளையோ கணவரையோ பார்க்கவில்லை. தன் தோளுக்குப் பின்னால் நின்றவனையே பார்த்தாள்.

"ஏன் இவன் அவ்வளவு தூரத்துல நிக்கிறான்? கொஞ்சம் கிட்ட வரச் சொல்லேன்."

குழந்தைராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் காலை வைத்தார், பொம்மையைப் பிடுங்கி முன்னால் நடுவதற்காக. ரோஸ்லின் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். நாலு எட்டு முன்னால் வந்தால் சட்டி வந்துவிடும். இன்னும் நாலு எட்டில் வைக்கோல்.

"வேணாம்பா. அம்மா, அவரு அங்கயே நிக்கட்டும்."

"கிட்ட வந்தா நல்லா இருக்காதா?"

"கிட்ட வந்தா பொம்மையாயிருவாரும்மா."

அமலோற்பவம் வயலைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்க்ரீனைத்தான் பார்த்தாள்.

"சரி. அங்கயே இருக்கட்டும்."

வாசலில் கார் ஹாரன் அடித்தது. பெட்டிகள் ஏறின. அமலோற்பவம் மகளின் நெற்றியில் சிலுவை போட்டாள். எல்சி போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அழுதபடி சிரித்தாள். அதில் அந்தப் படம் இருந்தது. காரின் சிவப்பு விளக்கு ஆற்றுப்பாலத்தில் ஏறி இறங்கி மறைந்தது.

ரோஸ்லின் பையைக் கட்டும்போது குழந்தைராஜிடம் ரகசியமாகக் கேட்டாள். "அப்பா, அந்தத் தோளு... வேணும்னே சாய்ச்சுக் கட்டினீங்களா?"

"நேராத்தான் கட்டினேன்மா" என்றார் அவர். "குச்சி எப்ப நழுவுச்சுன்னு தெரியல."

பிறகு துண்டையும் சட்டையையும் எடுத்துவர வயல் பக்கம் நடந்தார்.

"ஏங்க!" அமலோற்பவத்தின் குரல் கொல்லையிலிருந்து வந்தது. "அந்தச் சட்டையைக் கழட்டிறாதீங்க."

"ஏன்?"

"பனி கொட்டுது பாருங்க."