குவிந்த கிரீடம்

ஹெதர் கட்ஃபோர்த்தின் மேசையில் பொய் செல்லுபடியாகாது. லிங்கன் நகரத்துப் பழைய பயிற்சிக் கூடத்தில், மாதத்தின் முதல் சனிக்கிழமை கூடும் ராணுவப் பழம்பொருள் சந்தையில் இது எல்லோருக்கும் தெரியும். கழுத்தில் கறுப்பு நூலில் தொங்கும் சின்ன லென்ஸைக் கண்ணுக்குக் கொடுத்து, பொருளைத் திருப்பி, முதுகைப் பார்ப்பாள். அரை நிமிடம். பிறகு வருஷம் வந்து விழும்.

அவள் வியாபாரம் காதலி பின்கள். போருக்குப் போகிறவன் தன் படைச் சின்னத்தையே விரல் நகம் அளவுக்குச் செய்யச் சொல்லி, காதலியின் கோட்டில் குத்திவிட்டுப் போவான். அவன் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும், பின் எப்படியும் ஒருநாள் ஹெதரின் மேசைக்கு வந்து சேரும்.

அன்று காலை பத்தரை மணிக்கு வந்தது பின் அல்ல, அவள் அக்கா மகள் இமோஜன். கோட்டில் பின்னோடு வந்தாள். முகத்தில் ஆயிரம் வாட்ஸ் வெளிச்சம்.

ஏழு நாளில் அவளுக்குக் கல்யாணம். அப்பா இல்லாத பெண். தேவாலயத்தில் கைப்பிடித்து அழைத்துப் போகப் போவது ஹெதர்தான். அதற்காக மூன்று மாதத்துக்கு முன்பே தொப்பி வாங்கி வைத்தாயிற்று. மாப்பிள்ளை ரோரி, பக்கத்து விமானப்படைத் தளத்தில் எஞ்சின் பார்க்கும் கார்ப்பரல். வாய் திறந்து நான்கு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும்.

விடியற்காலை வேலைக்குக் கிளம்பும்போது, சமையலறையில் ரொட்டி டப்பா மேல் ஒரு நகைப்பெட்டியை வைத்துவிட்டுப் போயிருந்தான். ‘உனக்கு’ என்று ஒரு சீட்டு. அவ்வளவுதான்.

"யுத்த காலத்துது சித்தி. கிரீடத்தைப் பாருங்க, ராஜா கிரீடம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?"

உண்மைதான். ராணி கிரீடம் உச்சியில் சற்றே குழிந்திருக்கும். ராஜா கிரீடம் கூரை மாதிரி குவிந்திருக்கும். குவிந்திருந்தால், ராணி பட்டத்துக்கு வந்த ஐம்பத்திரண்டுக்கு முந்தியது. இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். ஹெதர் பின்னைக் கழற்றி வாங்கினாள். சிறகு விரித்த கழுகு, மேலே குவிந்த கிரீடம், நீல எனாமல். அழகு.

திருப்பினாள். அவள் புருவம் இறங்கியது.

கொக்கியில் ஒரு கீறல் இல்லை. எண்பது வருடம் கம்பளிக் கோட்டில் உரசிய கழுகுக்கு மார்பு மழுங்கியிருக்க வேண்டும். இதற்கோ இறகு இறகாக எண்ணலாம். பெட்டியை வாங்கிப் பார்த்தாள். உள்மூடியில் தேய்ந்த பட்டில் ஒரு நகைக்கடைப் பெயர். யுத்தம் முடிவதற்குள் மூடிய கடை. பெட்டி நிஜம். புதுச் சரக்கைப் பழைய பெட்டியில் வைத்து விற்பது இந்தச் சந்தையின் மிகப் பழைய தில்லுமுல்லு.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் முப்பது வருடப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது.

"இது பழசு இல்ல கண்ணு. பழசு மாதிரி பண்ணது."

பக்கத்து மேசையில் பித்தான் விற்கும் கிளைவ் டௌஸ் பிளம் ரொட்டி மெல்லுவதை நிறுத்தினார். நாற்பது வருடம் பித்தானோடு குடித்தனம் நடத்தியவர். எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "நேத்து பொறந்த கழுகும்மா அது."

இமோஜனின் முகத்தில் வெளிச்சம் அணைந்தது. முன்பு ஒருவனோடு நிச்சயமாகி, அவன் சொன்ன வேலை, வயது, ஊர் எல்லாமே பொய் என்று தெரிந்து முறித்துக்கொண்டவள் அவள். ரோரிக்கு அவள் போட்டிருந்த நிபந்தனை ஒன்றே ஒன்று: என்ன வேண்டுமானாலும் செய், பொய் மட்டும் வேண்டாம்.

யாராவது அவனை ஏமாற்றி விற்றிருப்பார்கள் என்று ஹெதர் சமாதானம் சொன்னாள். எடுபடவில்லை. ஏமாந்தவன் பழைய பெட்டியைத் தேடிப் பிடித்து வைப்பானா என்று கேட்டுவிட்டு, இமோஜன் போனை எடுத்து, உடனே பயிற்சிக் கூடத்துக்கு வா என்று மட்டும் சொன்னாள். பின்னை மேசையில் வைத்தாள். மோதிரத்தையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

ஹெதர் மோதிரத்தைப் பார்த்தாள். முப்பது வருடமாகப் பொருள்களின் முதுகைத் திருப்பிப் பார்த்து, கடைசியில் சொந்த வீட்டுக் கல்யாணத்தையே கவிழ்த்தாயிற்று.

இருபது நிமிடத்தில் ரோரி வந்தான். சீருடையோடு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கியபடி. மேசையில் கிடந்த மோதிரத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"பழசுன்னு என்னை நம்ப வைக்கப் பார்த்தியா?" என்றாள் இமோஜன். குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பழசா? நான் எப்போ பழசுன்னு சொன்னேன்?"

"அப்ப பெட்டி?"

அவன் காது சிவந்தது. பெட்டி அவன் கொள்ளுப்பாட்டியுடையது, அதிலிருந்த பின் யுத்தத்தின்போதே ரயிலில் தொலைந்துவிட்டது. காலிப் பெட்டியை மூன்று தலைமுறையாக யாரும் தூக்கிப் போடவில்லை. பர்மிங்ஹாமில் ஒரு தட்டானிடம் தன் சின்னத்தைக் கொடுத்துப் புதிதாகச் செய்யச் சொன்னானாம். அவன் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"அப்ப குவிஞ்ச கிரீடம் எதுக்கு?" கிளைவ் விடவில்லை. "உன் சின்னத்துல அது ஏது?"

ரோரி தொப்பியை நீட்டினான்.

ஹெதர் லென்ஸைத் தேடவில்லை. வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. தொப்பியின் நெற்றியில் கழுகு. அதன் மேல், கூரை மாதிரிக் குவிந்த கிரீடம்.

"போன மாசம் மாத்திக் குடுத்தாங்க," என்றான் ரோரி. "இப்ப ராஜா இல்லையா?"

ராணி போய் ராஜா வந்ததும், அவர் குவிந்த கிரீடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் ஹெதர் செய்தியில் படித்ததுதான். விரல்களுக்குத்தான் அது போய்ச் சேரவில்லை. அவள் மேசைக்கு வருவதெல்லாம் இறந்தவர்களின் பின். உயிரோடிருப்பவன் ஒருவன், உயிரோடிருப்பவளுக்கு, புதிதாக ஒன்று செய்து கொடுப்பான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பழசு, இல்லாவிட்டால் போலி. மூன்றாவதாக ஒன்று உண்டு என்பதை மறந்தே போயிருந்தாள்.

"தப்பு என் மேல," என்றாள். அந்தக் கூடத்தில் அவள் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கிளைவ் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

இமோஜன் ரோரி பக்கம் திரும்பினாள். பிறகு மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பின்னை அவனிடம் நீட்டி, கோட்டின் இடப்பக்கத்தைக் காட்டினாள். எஞ்சின் பிரிக்கும் கை, அந்தச் சின்னக் கொக்கியோடு மல்லாடி, இரண்டு முறை தன் விரலிலேயே குத்திக்கொண்டது.

"எந்த வருஷம்னு சொல்லுங்க சித்தி."

"இந்த வருஷம். அசல்."

போகும்போது இமோஜன் குனிந்து, ஹெதரின் கழுத்திலிருந்த கறுப்பு நூலை மெதுவாகத் தலைவழியே கழற்றி எடுத்து, லென்ஸை ரோரியின் சட்டைப்பையில் போட்டாள்.

"கல்யாணம் முடிஞ்சு வாங்கிக்குங்க. மோதிரம் மாத்தும்போது நீங்க திருப்பிப் பாக்கக் கூடாது."